கோதைக்குக் காது குத்திய நாள்

1

என் தம்பி மகள் கோதைக்கு ஐந்தாவது பிறந்தநாள். ராஜபாளையத்தில் கேக் வெட்டுகிறார்கள். நான் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், என் வீட்டுச் சமையலறையில் நின்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊரின் நல்லது கெட்டது எல்லாம் இப்படித்தான். ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்போது நடந்து முடிந்துவிடும்.

கேக் பெரிதாக இருந்தது. வாசலில் சரவெடி வேறு. போன வருடம் கடையில் வாங்கிய பால்கோவாவோடு காரியத்தை முடித்துக்கொண்ட வீடு அது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"என்னடா கணேசா, கல்யாணம் மாதிரி தடபுடல் பண்ணுறீங்க?"

"பின்ன என்னக்கா? அஞ்சு முடிஞ்சிருச்சுல்ல! இனிமே பிள்ள தாய்கிட்டதான் இருக்கணும்னு அவிய கோர்ட்டுல பேச முடியாது. இதுக்குத்தான இம்புட்டு வாய்தா வாங்குனோம்?"

அவனுக்குப் பின்னால் என் அப்பா கை தட்டிக்கொண்டிருந்தார். அவனுக்கு முன்னால் கோதை கன்னத்தை உப்பிக்கொண்டு மெழுகுவர்த்தியை ஊதினாள். நான் அடுப்பை அணைத்தேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்று நம் சட்டத்தில் ஒரு வரி உண்டு. அதற்காக ஐந்து முடிந்ததும் குழந்தை தானாகத் தகப்பன் கைக்கு வந்துவிடாது, குழந்தைக்கு எது நல்லது என்றுதான் கோர்ட்டு பார்க்கவேண்டும். அது என் தம்பிக்கும் அப்பாவுக்கும் தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஒரு பிள்ளையின் வயது ஏறட்டும் என்று வழக்கை இழுத்தடித்து, ஏறியதும் வெடி வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்த வீடு இது.

2

கோதையின் அம்மா பவித்ரா கூமாப்பட்டிக்காரி. தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உள்ள குடும்பம். கணேசன் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருக்கிறான். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிற துணியெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கத் தறிகளில்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட தொழில் செய்கிறவன் வீட்டில் கை நீட்டுவான் என்று யார் நினைப்பார்கள்? நீட்டியிருக்கிறான். ஒரு தடவை இல்லை. கடைசியில் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு கூமாப்பட்டிக்குப் போய்விட்டாள்.

போன வருடம் ஆடிப்பூரத்தன்று என் அப்பா அங்கே போனார். "பிள்ளைக்கு ஆண்டாள் தேர் காட்டிட்டு சாயங்காலம் கொண்டாந்து விடுதேன்" என்று சொல்லியிருக்கிறார். மாமனார் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பவித்ரா தலை சீவி, பூ வைத்து அனுப்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் தாத்தா தோளில் கோதை உட்கார்ந்திருக்கிற படம் எனக்கும் வந்தது. பின்னால் தேர் ஆடி அசைந்து வருகிறது. அழகான படம் என்று நானும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அன்று சாயங்காலம் அவர் பிள்ளையைக் கூமாப்பட்டிக்குக் கொண்டுபோகவில்லை. மறுநாளும் கொண்டுபோகவில்லை.

அப்பா போலீஸ் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். பவித்ரா புகார் கொடுக்கப் போன இடத்தில் இவர் பெயரைக் கேட்டதும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "குடும்ப விஷயம்மா, பேசித் தீத்துக்கிடுங்க" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் அவள் கோர்ட்டுக்குப் போனாள்.

என் அம்மா இறந்து பல வருடங்களாகிவிட்டன. வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. கோதையைக் குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் சம்பளத்துக்கு ஒரு அம்மாவை வைத்திருக்கிறார்கள். பெற்றவளிடமிருந்து பிடுங்கி வந்து, ஊட்டிவிட ஆள் தேடியிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

இதில் என்னை உலுக்குவது அப்பாதான். போலீஸ் குடியிருப்பு மைதானத்தில் எனக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் அவர். பொம்பளைப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புகிறாயே என்று உறவு முழுக்கக் கரித்துக் கொட்டியபோது, "என் மக எங்க போணும்னு என் மக சொல்லுவா" என்று ஒரே வரியில் எல்லார் வாயையும் அடைத்தவர். என் மகள், என் மகள் என்று அவர் சொன்னபோதெல்லாம் பெண்களைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்து நான் பூரித்துப் போயிருந்தேன். அவர் தன் உடைமையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்.

3

பெர்த்தில் எனக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. காலையில் கொண்டுவந்து விடுகிற பிள்ளைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். அழுகிற பிள்ளையைக் கண்டால் இன்றுவரை என் வாயில் "வாடா தங்கம்" என்றுதான் வரும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது ஒருவரையொருவர் 'தங்கம்' என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஒரு தாய் வந்து அது ஏதும் கெட்ட வார்த்தையா என்று விசாரித்தாள். விளக்கம் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அங்கே ஒரு பையன். அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா விட்டுவிட்டுப் போவாள், சாயங்காலம் அப்பா வந்து அழைத்துப் போவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அலைவது அந்தப் பையனும் ஒரு துணிக் கரடியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவனுடைய தாத்தா வந்தார். வெள்ளை முடி, சிரித்த முகம். பையனும் துள்ளிக் குதித்தான். நான் வாசல் கதவைத் திறக்கப் போனேன். எங்கள் மேலாளர் பெண்மணி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அழைத்துப்போக அனுமதி உள்ளவர்களில் அவர் இல்லையாம்.

"இவர் பையனின் தாத்தா" என்றேன், நாலு பேர் கேட்கிற மாதிரி.

"இருக்கட்டுமே" என்றாள் அவள். "அவனுடைய அம்மாவுக்குத் தெரியுமா?"

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பெரிய மனிதரை வாசலில் நிற்க வைத்து, அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்பதா? எங்கள் ஊரில் இப்படிக் கேட்க நாக்கு எழுமா? அந்தக் கேள்வியை அந்த ஆடிப்பூரத்துக்குப் பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டேன்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று அளக்க வரவில்லை. இங்கேயும் பணம் உள்ளவனுக்கு நல்ல வக்கீல். பிள்ளையை விட்டுவிட்டுக் கார் ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுகிற அம்மாவையும் பார்த்திருக்கிறேன், தன் வாரம் எப்போது வரும் என்று வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிற அப்பாவையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறாள்.

4

பிறந்தநாள் முடிந்து சில வாரங்களில் அப்பா பேசினார்.

"ஏட்டி, புரட்டாசி சனிக்கிழம திருவண்ணாமலைல கோதைக்குக் காதுகுத்து வச்சிருக்கு. அத்தை நீ இல்லாம எப்படி? டிக்கெட்டப் போடு."

திருவண்ணாமலை என்றால் தீபத்து மலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் பெருமாள் கோயில் இருக்கிற சின்ன மலை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கேதான் காது குத்துவது.

"மடிக்கு யாருப்பா?" என்று கேட்டேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். அதற்கு வேறு ஆள் கிடையாது.

"செந்திலுதான். பொறவு யாரு? தாய்மாமன் மடி இல்லாமக் குத்துனா அது காதுகுத்தா? நானே தட்டுத் தாம்பூலத்தோட கூமாப்பட்டிக்குப் போயி அழைச்சிட்டு வந்துட்டேன்."

செந்தில் பவித்ராவின் அண்ணன். இரண்டு குடும்பமும் கோர்ட்டில் நிற்கும்போது அவர்கள் வீட்டு வாசலுக்கே தட்டோடு போயிருக்கிறார் என் அப்பா. வழக்கத்துக்கு அவ்வளவு மரியாதை.

"அப்ப பவித்ராவும் வாராளா?"

"அவ எதுக்கு?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரியே கேட்டார். அவள் அண்ணன் இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது, அம்மா இல்லாமல் தாராளமாகக் குத்தலாம். இது அவருக்கு இயல்பாக இருந்தது.

என் மகள் அனுவுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பேசினால் பாதி வழியில் இங்கிலீஷுக்கு இறங்கிவிடுவாள். ஊர் விஷயம் எதிலும் ஒட்டமாட்டாள். எதற்காகப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். காதிலிருந்து ஒரு பக்கத்து இயர்போனை எடுத்தாள்.

"மாமா மடிதான் முக்கியமா? ஏன்மா?"

"அது வழக்கம்டி."

"அவங்க அம்மா எங்க உக்காருவாங்க?"

நான் பெட்டியில் துணி அடுக்கினேன். அவள் இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

5

மலைமேல் மண்டபத்தில் பந்தி விரிப்பு போல ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். மாமன் சீர் என்ன என்ன வந்திருக்கிறது என்று அறிவிக்க மைக் செட் வேறு. ஒரு ஒலிபெருக்கிக் குழாயை மண்டபத்தில் கட்டியிருந்தார்கள், இன்னொன்று அடிவாரத்துப் புளியமரத்தில், வருகிறவர்களுக்கு இடம் தெரியட்டும் என்று.

செந்தில் வந்தான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. பின்னால் பழத் தட்டு, பாவாடை சட்டை, தங்கக் கம்மல். அப்பா எழுந்து போய்க் கையைப் பிடித்து, "வாங்க மாப்ள, வாங்க" என்று முதல் வரிசைக்கு அழைத்து வந்தார். கணேசன் அவன் தோளில் துண்டு போட்டான். மாலை விழுந்தது. தங்கையை அடித்தவன் போட்ட துண்டைச் செந்தில் தோளிலிருந்து எடுக்கவேயில்லை.

கோதை அவனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். ஓடிப்போய் மடியில் ஏறினாள். அவன் கொண்டுவந்த பாவாடையின் ஓரத்தில் கையால் தைத்த சின்னச் சின்ன மயில்கள் இருந்தன. கோதை அவற்றைத் தடவிப் பார்த்தாள்.

"மாமா, அம்மா எங்க?"

"வருவா தாயி. நீ செத்த நேரம் ஆடாம இரு."

மைக்கில் ஒருவர் சீர்வரிசையை வாசித்துக்கொண்டிருந்தார். ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காதில் குத்தினார். கோதை வீறிட்டாள். மைக்கை யாரும் அணைக்கவில்லை. "அம்மா... அம்மா..." என்று அந்த அழுகை இரண்டு குழாயிலும் சேர்ந்து மலை முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், காதுகுத்தில் பிள்ளை அழுவது வாடிக்கைதானே. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இன்னொரு காதில் குத்துவதற்குள் எழுந்து படியிறங்கிவிட்டேன்.

அடிவாரத்தில் புளியமரத்துக்குக் கீழே கூமாப்பட்டி வேன் நின்றது. உள்ளே பவித்ரா இருந்தாள். காதைப் பொத்திக்கொண்டு, முழங்காலில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே அந்தக் குழாய்.

"பவித்ரா!"

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துப் பதறி எழுந்தாள். "மதினி, நான் மேல வரலை. அண்ணன் இங்கனயே இருக்கச் சொல்லிருக்கு. மொதல்ல மரியாத முடியட்டும், பொறவு பிள்ளையக் கீழ கூட்டிட்டு வாரேன்னு சொல்லிச்சு. ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்."

அவள் என்னைப் பார்த்துப் பயந்தாள். திருட வந்தவள் மாதிரி என்னிடம் கெஞ்சினாள். பெற்ற பிள்ளையைப் பார்க்க! நான் அவள் கையைப் பிடித்து மேலே வா என்றேன். வரவில்லை. அவள் மேலே வரக்கூடாது என்று என் அப்பா சொல்லியிருக்கிறார், அண்ணனும் வாக்குக் கொடுத்திருக்கிறான், மீறினால் அதையும் கோர்ட்டில் சொல்வார்கள் என்றாள்.

சாப்பாடு முடிந்து செந்தில் இறங்கி வந்தான். கையில் தேங்காய் பழப் பை இருந்தது. கோதை இல்லை.

"பிள்ள எங்கண்ணே?"

"தூங்கிருச்சு. விடு. நம்மள எம்புட்டு மரியாதையா நடத்துனாக தெரியுமா? முத வரிசைல உக்கார வச்சாக, அந்தப் பெரிய மனுசன் எந்திரிச்சு வந்து கூப்புட்டாரு. இதுக்கு மேல என்னத்துக்குக் கோர்ட்டு கேசுன்னு அலையணும்? பேசி முடிச்சுக்கிடுவோம்."

பவித்ரா அவனையே பார்த்தாள். அவளுடைய வழக்கு மேலே முடிந்துவிட்டது, அவள் இல்லாமலே. ஒரு துண்டு, ஒரு மாலை, ஒரு 'வாங்க மாப்ள'. இரண்டு வீட்டு ஆண்களும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டார்கள். அம்மாவுக்கு அதில் கொடுக்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை.

6

அவள் பேசி முடிக்கவில்லை. அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா. அண்ணன் வரமாட்டேன் என்றதும் அவள் மட்டும் டவுன் பஸ் ஏறி வந்தாள். நான் பெர்த் திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. பிள்ளை எங்களிடம் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அத்தை வாயால் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது என்று அப்பா என்னையும் காரில் அழைத்துப் போனார்.

எங்கள் வக்கீல் காதுகுத்துப் படத்தை நீதிபதியிடம் கொடுத்தார். செந்தில் மடியில் கோதை, கழுத்தில் மாலை, சுற்றிலும் எங்கள் ஆட்கள்.

"தாய்மாமனே வந்து மடியில வச்சிக் காது குத்தியிருக்காருங்கம்மா. இரண்டு குடும்பமும் கூடி நடத்துன விசேஷம். ஆனா பெத்த தாய் வரவேயில்ல. சொந்தப் பிள்ளையோட காதுகுத்துக்கு வராதவங்க, பிள்ளைய எப்படிப் பாத்துக்குவாங்க?"

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். "அவ எதுக்கு" என்று என்னிடம் சொன்ன அதே ஆள். வராதே என்று சொல்லிவிட்டு, வரவில்லை என்று குற்றம் சாட்டுகிறார்கள். வந்தேன் என்று அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சி சொல்லவேண்டிய அண்ணன் வரவில்லை.

நான் எழுந்துவிட்டேன். வக்கீல் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நீதிபதி அம்மா கவனித்துவிட்டார்.

"நீங்க யாரு?"

"பிள்ளைக்கு அத்தைங்கம்மா."

"யார் பக்கம்?"

"அப்பா பக்கம்" என்றேன். "ஆனா அவ வந்தா. காது குத்துனப்ப மலைக்குக் கீழ வேன்ல இருந்தா. நான் பாத்தேன். மேல வரக்கூடாதுன்னு எங்க வீட்டுலதான் சொல்லிட்டாங்க. அவளக் கூப்பிடவே இல்ல. எங்கப்பாகிட்ட நானே கேட்டேன்."

கணேசன் "அக்கா" என்று பல்லைக் கடித்தான். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. என் மகள் என்று அவர் சொல்லி அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

இறுதித் தீர்ப்பு இன்னும் வரவில்லை. வழக்கு முடிகிறவரை சனி காலை முதல் ஞாயிறு மாலை வரை கோதை தாயிடம் இருக்கவேண்டும், கோர்ட்டு வளாகத்தில் வைத்து ஒப்படைக்கவேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். ஒரு வாரத்தில் இரண்டு பகல், ஒரு ராத்திரி. வருடம் முழுக்க இழந்தவளுக்கு அதுவே மலை மாதிரி இருந்தது. அழுதுகொண்டே கும்பிட்டாள்.

7

அந்த முதல் சனிக்கிழமை நானும் போனேன். என் விமானம் மறுநாள். அப்பாவே கார் ஓட்டி வந்தார். கோதை ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தாள்.

பவித்ரா வேப்பமரத்தடியில் நின்றாள். ஓடிவந்து தூக்குவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக வந்து, மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, மகளின் முடியை ஒதுக்கி இரண்டு காதையும் பார்த்தாள். ஒரு காது லேசாகச் சீழ் வைத்திருந்தது. முந்தானையால் ஒற்றினாள்.

"வலிக்குதா?"

"இல்ல. அன்னைக்குத்தான் வலிச்சுது." கோதை அம்மாவின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நான் மைக்ல அழுதேன். உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடி."

"எங்க இருந்த?"

"கீழதான் இருந்தேன். மரத்தடில."

கோதை கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப ஏன் மேல வரல?"

பவித்ரா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில், வேட்டி மடிப்பில், மறுபடி சட்டைப் பையில் என்று கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.